பங்கர் திறக்கும் நாள்

பேசியோ, தராவா
14 பிப்ரவரி 1993

அன்புத் தம்பி நபோவாவுக்கு,

உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் இருந்தாலும் அந்தக் கடல் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் உன் அத்தான் பவுரோவும் உன் மகள் தேயாவும் நன்றாக இருக்கிறோம். பன்றிகள்தான் நன்றாக இல்லை. அவற்றுக்கு வீடு போய்விட்டது.

வரும் நவம்பரோடு நம் தீவில் சண்டை நடந்து ஐம்பது வருடம் ஆகிறதாம். அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கிழவர்கள் விமானம் விமானமாக வந்து இறங்கப்போகிறார்களாம். ஜப்பான்காரர்கள் விட்டுப்போன சிமெண்ட் பங்கர்களையும் பீரங்கிகளையும் அழகுபடுத்த ஒரு விழாக் குழு போட்டிருக்கிறார்கள். அதற்குத் தலைவர் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருப்பானே, பரானிக்கோ, அவன்தான். இப்போது கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறான். மூக்கை மட்டும் இன்னும் உறிஞ்சுகிறான்.

நேற்று வந்து நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பங்கரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இது சரித்திரச் சின்னம். இதுக்குள்ள பன்னி இருக்கலாமா?"

"எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கு. சின்னப் பிள்ளையில நீயே இதுக்குள்ள ஓடிப்போய் ஒண்ணுக்கு இருந்திருக்கே. அப்ப அது சரித்திரம் இல்லையாடா?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் சிவந்துபோனது.

"வர்றவங்க எல்லாம் இங்க சொந்தக்காரங்களைப் பறிகொடுத்தவங்க. அவங்க கண்ணுல பன்னி படக்கூடாது."

"நாங்க படலாமா?"

"நீங்களும் அன்னிக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தா நல்லது."

அப்போதுதான் தேயா வாயைத் திறந்தாள். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். பரானிக்கோ கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தான். என்ன கேட்டாய் என்றேன். "வர்றவங்களுக்கு யார் சுத்திக் காட்டுவாங்க, நீங்களா, இந்த இங்கிலீஷை வச்சுக்கிட்டான்னு கேட்டேன்" என்றாள். உன் மகளுக்கு வாய் உன்னிடமிருந்து வந்ததில்லை. செத்துப்போன அவள் அம்மாவிடமிருந்து வந்தது.

சுருக்கமாகச் சொன்னால், பன்றிகளுக்கு வீடு போய் தேயாவுக்கு வேலை வந்துவிட்டது. இனி வருகிறவர்களுக்கு அவள்தான் பங்கரைக் காட்டுவாள்.

நலமும் அமைதியும் வளமும் உன் பக்கமே நிற்கட்டும்.

அக்கா மகுரிட்டா


ரோட்டர்டாம் துறைமுகம்
21 மார்ச் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. குளிர்தான் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. உன் கடிதத்தை நம் ஊர்ப் பையன்கள் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பரானிக்கோ கதையைக் கேட்டு சமையல்காரன் ரொட்டியைத் தீய்த்துவிட்டான். ஜெர்மன் கேப்டன், எதற்குச் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். பன்றி சரித்திரத்தை அவருக்கு எப்படி விளக்குவது?

தேயா வேலைக்குப் போவது எனக்குச் சந்தோஷம். ஆனால் வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல். துக்கத்தோடு வருகிறவர்களிடம் விளையாட்டுக் கூடாது.

ஒரு குறை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதே. கிறிஸ்துமஸிலிருந்து அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதச் சொல். என் ஒப்பந்தம் அடுத்த பிப்ரவரியில்தான் முடியும். அதுவரை எனக்குக் காகிதத்தில்தானே மகள்?

அத்தான் மீன்பிடிக்கப் போகும்போது பவளப்பாறைக்கு வெளியே தனியாகப் போகவேண்டாம் என்று சொல்லு.

எல்லோருக்கும் என் வணக்கமும் நினைப்பும்.

உன் தம்பி
நபோவா


பேசியோ
25 ஏப்ரல் 1993

என் அப்பாவுக்கு மவுரி! மவுரி! மவுரி! (எத்தனை மாத வணக்கம் பாக்கியோ, எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.)

சுகமாக இருக்கிறீர்களா? நான் இருக்கிறேன். அத்தை எழுதினால் பன்றியும் மீனும்தான் வரும், உண்மையான செய்தியெல்லாம் என்னிடம்தான்.

பரானிக்கோ மாமா எனக்குப் பயிற்சி கொடுத்தார். "நான் அமெரிக்கக் கிழவன். என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"வாங்க தாத்தா, தலையைக் குனிஞ்சு வாங்க, இடிச்சுக்குவீங்க."

"இப்படியா பேசறது? மரியாதையா, வரலாறு சொல்லி ஆரம்பி."

"வரலாறு சொல்லி முடிக்கறதுக்குள்ள இடிச்சுக்குவீங்களே மாமா."

இடித்துக்கொண்டார். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம்.

ஆனால் போன வாரம் வந்தது விளையாட்டு இல்லை. ஜப்பானிலிருந்து ஒரு பாட்டியும் அவர் பேச்சை ஆங்கிலத்தில் சொல்ல ஒருவரும் வந்தார்கள். பாட்டியின் அண்ணன் நம் பங்கரிலோ பக்கத்து பங்கரிலோ இறந்தாராம். எதில் என்று யாருக்கும் தெரியாதாம். பாட்டி நம் பங்கருக்குள் மண்டியிட்டு ஒரு கோப்பைத் தண்ணீரும் ஒரு பிடி சோற்று உருண்டையும் வைத்தார். அண்ணனுக்கு ரொம்பத் தாகமாக இருந்திருக்கும் என்றாராம். நான் சொல்ல வைத்திருந்த வரலாற்றை அப்படியே விட்டுவிட்டேன். பக்கத்தில் போய் நானும் மண்டியிட்டுக்கொண்டேன்.

அப்புறம் என்ன நடந்தது என்றால், நம் பெரிய பன்றி பழைய வீட்டு ஞாபகத்தில் உள்ளே வந்து அந்தச் சோற்றைத் தின்றுவிட்டது! எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பாட்டி சிரித்தார் அப்பா. "பசியோட இருந்த யாரோ ஒருத்தர் சாப்பிட்டாங்க, சரி" என்றார். என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பெண்கள் எல்லோரும் சேர்ந்து பங்கரைச் சுற்றிக் குப்பை கூட்டிச் சுத்தம் செய்யப்போகிறோம். குழுவிலிருந்து ஒருவர் ஏதோ கருவியை மணலில் ஆட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கடைசியாக ஒரு ரகசியம். நர்ஸ் படிப்புக்கு மனு போட்டிருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது. அத்தையை விட்டுப் போக அழுகை வரும் என்பதால் சொல்லவில்லை. நீங்களும் மூச்சு விடக்கூடாது.

பிப்ரவரியில் வரும்போது குண்டாகி வாருங்கள். போன தடவை மீன்முள் மாதிரி வந்தீர்கள்.

உங்கள் ஒரே பெரிய தலைவலி,
தேயா


லா பாலிஸ் துறைமுகம், பிரான்ஸ்
30 மே 1993

என் கண்ணு தேயாவுக்கு,

அப்பா சுகம். உன் கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. ரகசியம் பத்திரம். அதைப் பற்றி இதில் எழுதமாட்டேன், அத்தை கண்ணில் பட்டுவிடும்.

உனக்கு உபயோகமான ஒன்றை எழுதுகிறேன், கவனமாகப் படி. எங்கள் கப்பல் இங்கே சரக்கு இறக்கக் காத்திருக்கிறது. எதிரே ரே என்று ஒரு தீவு. பாலத்தில் நடந்தே போய்விடலாம். நானும் சமையல்காரனும் போனோம். அங்கே கடலோரம் முழுக்க என்ன தெரியுமா? பங்கர்கள். நம் ஊரில் இருப்பதுபோலவே, அதே தடிமன், துப்பாக்கி நீட்ட அதே சின்னக் கண். சில மணலில் சரிந்து கிடக்கின்றன. ஒன்றை மட்டும் ஊர்க்காரர்கள் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு அம்மா விளக்குமாறோடு நிற்கிறார். படிக்கட்டின் ஓரத்துக்கு வெள்ளைச் சாயம். உள்ளே விளக்கு. சிப்பாய்கள் படுத்த கட்டில், தின்ற தட்டு, எல்லாம் துடைத்து வைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பூந்தொட்டி.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்த அம்மாவிடம் சொன்னேன்: "என் வீட்டுக்குப் பின்னாடியும் ஒண்ணு இருக்கு."

"அப்படியா! அதுவும் மியூசியமா?"

"ஆமா. பன்றி மியூசியம்."

அவருக்குப் புரியவில்லை. சமையல்காரன் பன்றி மாதிரி கத்திக் காட்டினான். அப்புறம் விடாமல் சிரித்தார்.

கிளம்பும்போது கேட்டேன்: "குண்டெல்லாம் எங்க போச்சு?"

"எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டாங்க. வருஷக்கணக்கா எடுத்தாங்க. குழந்தைங்க விளையாடற இடமாச்சே!" என்றார்.

அவர் ஆட்களை உள்ளே விட்டதும் எதுவும் பேசுவதில்லை. கொஞ்ச நேரம் சும்மா நிற்கவிடுகிறார். அவர்களாகக் கேட்ட பிறகுதான் பேசுகிறார். நீயும் அப்படிச் செய்து பார். ஜப்பான் பாட்டியிடம் நீ வரலாறு சொல்லாமல் மண்டியிட்டாயே, அதுதான் சரி. அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

சுத்தம் செய்யும் வேலை முடிந்ததா? உடனே பதில் போடு. இந்தத் தடவை ஏமாற்றாதே.

உன் அப்பா


பேசியோ
18 ஜூலை 1993

அன்புத் தம்பி நபோவாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம்.

தேயாவுக்கு நீ எழுதியது வந்தது. அவளுக்குப் படித்துக் காட்டினேன். பன்றி மியூசியம் வந்த இடத்தில் பவுரோ எழுந்து கடல் பக்கம் போய்விட்டார். அவருக்குப் பல்வலி.

தேயா தானே ஏன் படிக்கவில்லை, ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். மீன்முள் குத்தி வலது கை விரல் சீழ் வைத்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது. ஆறியதும் எழுதுவாள்.

மழையே இல்லை. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. பங்கரைச் சுத்தம் செய்து வெளியே வெள்ளையும் அடித்துவிட்டார்கள். பன்றிகளை எல்லாம் அறுத்தாயிற்று. ஒரு விசேஷத்துக்குத் தேவைப்பட்டது.

வேறு செய்தி ஒன்றும் இல்லை. கடல் காற்றில் காதை மூடிக்கொள்.

அக்கா


ஹாம்பர்க்
29 ஆகஸ்ட் 1993

அக்காவுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

விரலில் புண் என்றால் இன்னொரு கை இல்லையா? கோணல் மாணலாக "அப்பா" என்று ஒரு சொல் எழுத முடியாதா? என்னிடம் மறைக்காதே. யாரோடாவது ஓடிப்போய்விட்டாளா? வயிற்றில் பிள்ளையா? அப்படி இருந்தாலும் சொல், நான் கத்தமாட்டேன். கொஞ்சம் கத்துவேன், பிறகு அடங்கிவிடுவேன். அவளைப் பெற்றவன் நான், கடலில் இருந்தாலும் பெற்றவன்தான்.

உன் கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. யாரையும் திட்டவில்லை. பரானிக்கோ பெயரே இல்லை. எல்லாப் பன்றியையும் அறுக்கும் அளவுக்கு யார் வீட்டில் விசேஷம்?

அடுத்த மாதம் நம் தெருப் பையன் தெக்காய் ஊரிலிருந்து வந்து இந்தக் கப்பலில் சேருகிறான். நீ சொல்லாவிட்டால் அவனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


பேசியோ
26 செப்டம்பர் 1993

அன்பான என் தம்பிக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். உடம்புக்கு ஆகாது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தெக்காய் வந்துவிட்டானா? அவன் சின்ன வயதிலிருந்தே உளறுவாயன். அவன் சொல்வது எதையும் நம்பாதே.

தேயா யாரோடும் ஓடவில்லை. வயிற்றிலும் ஒன்றுமில்லை. காலையில் எழுந்து பங்கர் பக்கம்தான் போகிறாள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நீ சொன்னதுபோல அவர்களைக் கொஞ்ச நேரம் சும்மா நிற்கவிட்டாள். அவர்கள் கேட்ட பிறகு பேசினாள். ஒரு குட்டிப்பெண், "அக்கா, இங்க பேய் இருக்கா?" என்று கேட்டதாம். "இருக்கு, ஆனா அதெல்லாம் நம்ம ஊர்ப் பேய் இல்ல, லீவு முடிஞ்சா போயிடும்" என்று சொன்னாளாம். பரானிக்கோ திட்டினான். இவள் திருப்பிக் கொடுத்தாள். எல்லாம் பழையபடிதான்.

நேற்று அவளுக்கு ஈரப்பலாக்காய் சுட்டுக் கொடுத்தேன். தென்னம்பாகு ஊற்றித் தின்றாள். நன்றாகத் தூங்கினாள்.

விரல் இன்னும் ஆறவில்லை.

அக்கா


ப்ரெமர்ஹாவன்
24 அக்டோபர் 1993

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்டுக்கொள்கிறேன். என் போன கடிதத்தை மறந்துவிடு. களைப்பில் எழுதியது.

தெக்காய் வந்துவிட்டான். ஊர்க் கதை பேசினான். கால்பந்து, கோயிலுக்குப் புதுக்கூரை, அவ்வளவுதான்.

விரல் ஆறாவிட்டால் பரவாயில்லை. அவளை எழுதச் சொல்லித் தொந்தரவு செய்யாதே. நீயே எழுது. பேய் லீவுக் கதையைப் பல தடவை படித்தேன். அவள் சொல்லக்கூடியதுதான். இன்னும் எழுது அக்கா. காலையில் தலையை எப்படி முடிந்துகொள்கிறாள்? பாடிக்கொண்டேதான் இன்னும் பாத்திரம் துலக்குகிறாளா? பெரிதாக எதுவும் வேண்டாம். சின்னச் சின்னதாக, நிறைய எழுது. காகிதம் தீர்ந்தால் நான் அனுப்புகிறேன்.

உன்னையும் பார்த்துக்கொள். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெக்காய் சொன்னான்.

உன் தம்பி
நபோவா


பேசியோ
5 டிசம்பர் 1993

நபோவா,

நலம் விசாரிக்காமல் ஆரம்பிக்கிறேன், மன்னித்துக்கொள். தலையை எப்படி முடிந்துகொள்கிறாள் என்று கேட்டிருந்தாய். எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

தேயா இல்லை தம்பி. மே மாதத் தொடக்கத்திலேயே போய்விட்டாள்.

பெண்கள் எல்லோரும் பங்கரைச் சுற்றிக் கூட்டினோம். காய்ந்த மட்டையையும் சருகையும் சுவரோரம் குவித்து நெருப்பு வைத்தோம். எப்போதும் செய்வதுதான். நான் எல்லோருக்கும் தேநீர் கொண்டுவர வீட்டுக்குள் வந்தேன். கதவை ஓங்கி அறைந்ததுபோல ஒரு சத்தம். இவ்வளவுதானா என்று இருந்தது. வெளியே வந்தால் குவியல் இல்லை. அதன் அடியில் மணலுக்குள் பழைய குண்டு இருந்திருக்கிறது, சூடு ஏறி வெடித்துவிட்டது. மற்றப் பெண்கள் தள்ளி நின்றதால் சிராய்ப்போடு தப்பினார்கள். தேயா இன்னொரு மட்டையைப் போடக் குனிந்திருந்தாளாம்.

என் மடியில்தான் இருந்தாள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. "அத்தை, காது கேக்கல. சத்தமா பேசுங்க" என்றாள். நான் கத்தினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி வருவதற்குள் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

பங்கருக்கு ஒன்றும் ஆகவில்லை. கரிதான் பிடித்தது. அதன்மேல்தான் வெள்ளை அடித்தார்கள்.

அவளை வீட்டுக்கும் பங்கருக்கும் நடுவில் அடக்கம் செய்தோம். பன்றிகளை அவளுக்காக வந்தவர்களுக்குத்தான் அறுத்தோம். பவுரோ உனக்குத் தந்தி கொடுக்கப் போனார், கொடுக்காமல் திரும்பி வந்தார். "நடுக்கடல்ல அவன் இதைக் கேட்டான்னா எங்க போவான்? நாலு பக்கமும் தண்ணி" என்றார். வந்ததும் நேரில் சொல்லலாம் என்று நினைத்தோம். அதற்குள் உன் கடிதம் வந்தது. அவள் பெயர் போட்டு. அதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அது ஒன்று மட்டும் நான் எழுதியதில் பொய்யில்லை.

நவம்பரில் விழா நடந்தது. பாண்டு வாத்தியம், கொடிகள், எல்லாம். எங்களைத் தள்ளி இருக்கச் சொன்னார்கள். நான் தள்ளிப் போகவில்லை, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கைத்தடியோடு ஒரு அமெரிக்கக் கிழவர், டெல்பர்ட் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது, கூட்டத்தை விட்டு விலகி வந்தார். தேயாவின் வேலைக்கு இப்போது பைரிக்கியிலிருந்து ரோகோ என்ற பெண் வந்திருக்கிறாள். அவள்தான் கூட வந்தாள். புது மணலைப் பார்த்துவிட்டு அவர் ஏதோ கேட்டார்.

"இது யாருன்னு கேக்கறாரு, அத்தை" என்றாள் ரோகோ.

"எங்க வீட்டுப் பொண்ணுன்னு சொல்லு. இந்த மே மாசம் அவங்க குண்டு வெடிச்சுச் செத்தான்னு சொல்லு."

சொன்னாள். கிழவர் தொப்பியைக் கழற்றினார். அப்புறம் மெதுவாக ஒன்று கேட்டார். ரோகோ அதை எனக்குச் சொல்லத் தயங்கினாள். சொல்லு என்றேன்.

"அது எங்க குண்டா, ஜப்பான்காரங்க குண்டான்னு கேக்கறாரு."

அவரைக் குற்றம் சொல்லமாட்டேன் நபோவா. அவர் கண்ணைப் பார்த்தேன். இல்லை என்று யாராவது சொல்லவேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். நண்பர்களை எல்லாம் இந்த மணலில் விட்டுவிட்டுப் போனவர். ஆனால் என் வாயில் அவருக்குக் கொடுக்க அந்தச் சொல் இல்லை.

"வெடிச்ச குண்டுல பேரு எழுதியா இருக்கும்? தெரியலன்னு சொல்லு" என்றேன்.

அதற்குள் பரானிக்கோ ஓடிவந்து, "அக்கா, இன்னிக்கு வேண்டாம்கா, உங்க கால்ல விழறேன்" என்று என்னைக் கைப்பிடித்து எழுப்பினான். அவனும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

பிப்ரவரியில் வா. உன்னிடம் பொய் சொன்ன வாயை அடிக்கவாவது வா.

அக்கா


ஆன்ட்வெர்ப்
16 ஜனவரி 1994

அக்காவுக்கு,

எனக்குத் தெரியும்.

தெக்காய் கப்பலில் ஏறியதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்து ஆறுதல் சொன்னான். அவன் சட்டையைப் பிடித்து முழுவதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு வாரம் கழித்து உன் செப்டம்பர் கடிதம் வந்தது. அதில் அவள் ஈரப்பலாக்காய் தின்றாள். நன்றாகத் தூங்கினாள். அதனால்தான் இன்னும் எழுது என்றேன். அதை எழுத உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை. எனக்கு அது வேண்டியிருந்தது.

உனக்குத் தெரியாத ஒன்று. அவள் நர்ஸ் படிப்புக்கு மனு போட்டிருந்தாள். உன்னை விட்டுப் போக அழுகை வரும் என்று உன்னிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல இப்போது யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நான் பிப்ரவரியில் வரவில்லை. இன்னொரு ஒப்பந்தம் போட்டுவிட்டேன். தெக்காயைத் தவிர இங்கே யாருக்கும் தெரியாது. அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். காலையில் கேப்டன் கேட்பார், "மகள் எப்படி இருக்கிறாள்?" நன்றாக இருக்கிறாள் என்பேன். "கல்யாணம் எப்போது?" அவள் சம்மதிக்கவேண்டுமே என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஊரில் இறங்கினால் எனக்கு இது கிடையாது. அந்த மணலைப் பார்க்க வேண்டும். என்னால் முடியாது அக்கா.

என்னைத் திட்டி எழுது. திட்டினால் நீ பழையபடி இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

நபோவா


அபெமாமா தீவு
5 ஜூன் 1994

தம்பிக்கு,

நானும் பவுரோவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். உன் ஜனவரி கடிதத்துக்குப் பிறகு இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. உன்னைப் புரிந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். புரியவில்லை. திட்டவும் வரவில்லை.

மேலே போட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். எங்களை அந்த இடத்தை விட்டு எழுப்பிவிட்டார்கள். பங்கரைப் பாதுகாக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து யாரோ உதவி செய்தார்களாம். சுற்றிலும் கம்பிவேலி, இரும்புக் கதவு, பூட்டு. வேலி நம் வீடு இருந்த இடத்தின் நடுவில் போகிறது. வேலிக்கு உள்ளே இப்போது மண்ணைத் தோண்டிக் குண்டு தேடுகிறார்கள். ஒழுங்காக, கயிறு கட்டி, கட்டம் கட்டமாகத் தேடுகிறார்கள். நிறைய எடுத்தார்களாம்.

தேயாவும் வேலிக்கு உள்ளேதான். எடுத்து வேறு இடத்தில் வைத்துத் தருகிறோம் என்றார்கள். பவுரோ மண்வெட்டியோடு நின்றார், யாரையும் கிட்டே விடவில்லை. "ஒரு தடவை தோண்டிட்டேன். இன்னொரு தடவை என்னால ஆகாது" என்றார். விட்டுவிட்டார்கள். பவுரோவின் அண்ணன் இங்கே இடம் கொடுத்ததால் வந்துவிட்டோம். இங்கே மீன் நிறைய. அவர் பேசுவது குறைந்துவிட்டது.

போன வாரம் அவளைப் பார்க்கப் படகில் தராவா போனேன். கதவு பூட்டியிருந்தது. சாவி குழு அலுவலகத்தில். வெளியூர்க்காரர்கள் வரும் நாளில்தான் திறப்பார்களாம். பரானிக்கோவிடம் போனேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "சட்டம்கா. உங்களுக்குத் தொறந்தா எல்லாருக்கும் தொறக்கணும். வியாழக்கிழமை ஒரு கூட்டம் வருது, அவங்களோட சேர்ந்து போயிடுங்க" என்றான். எனக்குக் குடிக்க இளநீர் வெட்டிக் கொடுத்தான். அதற்குமேல் அவனாலும் முடியாது.

வியாழக்கிழமை வரை உறவுக்காரர் வீட்டில் தங்கி, அவர்களோடு வரிசையில் நின்றேன். தொப்பியும் கேமராவுமாக நிறையப் பேர். ரோகோ எல்லோரையும் பங்கருக்குள் அழைத்துப்போனாள். தலையைக் குனியச் சொன்னாள். அவள் நன்றாகத்தான் பேசுகிறாள். நான் உள்ளே போகவில்லை, வெளியே மணலில் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்துக் கட்டத்தில் தோண்டிய மண் சரிந்து அவள் கால்மாட்டுக் கற்கள் மூடியிருந்தன. கையால் விலக்கினேன்.

அவர்கள் வெளியே வந்தார்கள். ஒரு வெள்ளைக்கார அம்மா மணலையும் என்னையும் பார்த்து ரோகோவிடம் ஏதோ கேட்டாள். ரோகோ என் முகத்தைப் பார்த்தாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை நான். அவள் ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏதோ சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டுப் பீரங்கியைப் பார்க்கப் போனார்கள்.

ரோகோ திரும்பி வந்தபோது கேட்டேன், "என்ன சொன்னே?"

"உள்ளூர்க்காரங்க யாரோன்னு சொன்னேன், அத்தை. அதுக்கு மேல சொன்னா எனக்கு அழுகை வந்துடும். அவங்க முன்னாடி அழக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவளும் தேயா வயதுதான். என்ன சொல்ல அவளை?

கூட்டம் வண்டியில் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் உட்காரலாம் என்றிருந்தேன். ரோகோ சாவிக்கொத்தோடு கதவருகே நின்று மெல்லக் கூப்பிட்டாள்.

"அத்தை, பூட்டணும். வெளிய வாங்க."

எழுந்து வந்துவிட்டேன்.

மகுரிட்டா